"நாலு பேர் சேர்ந்து அழுறதுக்கு எதுக்கு மேடம் கூட்டம்?"

கேள்வி: மேடம் வணக்கம். எங்களுது வேப்பனப்பள்ளி பக்கத்துல ஒரு கிராமம். பையனுக்கு 6 வயசு முடிஞ்சிடுச்சு. கூப்பிட்டா திரும்ப மாட்டான், ஃபேன் சுத்துறதையே பார்த்துட்டு இருப்பான், பூவா (சோறு), நீள்ளு (தண்ணி) இந்த ரெண்டு வார்த்தைதான் வருது. வீட்ல நாங்க தெலுங்கு பேசுறவங்க. பெங்களூர்ல ஒரு டாக்டர், ஆட்டிசம், கூடவே அறிவு வளர்ச்சியும் கம்மின்னு சொன்னார். அங்கயே ஒரு பிரைவேட் சென்டர்ல மாசம் 18,000 கேக்குறாங்க. வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை, நான் புளி உடைக்கிற வேலைக்குப் போறேன், அரை ஏக்கர் மாந்தோப்பை வித்துடலாமான்னு அவர் யோசிக்கிறார். ஊர் ஸ்கூல்ல பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. மாமியார் என்னாலதான் இப்படின்னு சொல்றாங்க. போன வருஷம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுக்குற ஒரு முகாமுக்குப் போனோம், காலையில இருந்து 3 மணி வரைக்கும் நின்னு, பையன் தரையில உருண்டு அழுது, எல்லாரும் வேடிக்கை பார்த்து, டோக்கன் வர்றதுக்குள்ள கிளம்பி வந்துட்டோம். பள்ளிக்கல்வித்துறையோட வட்டார வள மையத்து டீச்சர், சிறப்புக் குழந்தைங்களோட பெற்றோர் கூட்டம்னு அடிக்கடி போன் பண்றாங்க, நான் எடுக்குறதில்ல. நாலு பேர் சேர்ந்து அழுறதுக்கு எதுக்கு மேடம் கூட்டம்? இவனுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.

பதில்:

வணக்கம்மா. கடைசியா ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க பாருங்க, அதுக்குத்தான் நான் முதல்ல பதில் சொல்லணும், ஏன்னா நீங்க கேட்ட மத்த எல்லாத்துக்கும் பாதி வழி அந்தக் கூட்டத்துக்குள்ளதான் இருக்கு. 19 வருஷமா கிருஷ்ணகிரி மாவட்டத்துல சிறப்புக் குழந்தைங்களோட வேலை பார்க்குறேன், நான் சொல்லிக் கொடுத்து ஒரு அம்மா கத்துக்கிட்டதை விட பக்கத்துல உக்காந்திருந்த இன்னொரு அம்மா சொல்லிக் கத்துக்கிட்டதுதான் ஜாஸ்தி, இதை நான் பல தடவை கண்ணால பார்த்திருக்கேன்.

அழுவாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். முதல் தடவை வர்றவங்களுக்கு பையன் பேரைச் சொல்றதுக்குள்ளயே தொண்டை அடைச்சுக்கும். யாரும் அதை ஒரு மாதிரியா பார்க்க மாட்டாங்க, ஏன்னா அங்க இருக்குற எல்லாரும் ஒரு நாள் அப்படி உக்காந்தவங்கதான். ஆனா அதெல்லாம் முதல் அரை மணி நேரம்தான்மா. அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு ஒரு கூட்டத்துல நடந்ததை சொல்றேன்.

ஒரு அம்மா வந்திருந்தாங்க, 8 வயசுப் பையன், தலைமுடி தோள் வரைக்கும் தொங்குது. சலூன் மெஷின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டு தலையை செவுத்துல முட்டுவானாம், கடைசியா மூணு பேர் அமுக்கிப் பிடிச்சு வெட்டினதுல காது ஓரம் கிழிஞ்சு ரத்தம் வந்துடுச்சாம், அதோட முடி வெட்டுறதையே விட்டுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னேன், கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும், மெஷின் வேண்டாம் கத்திரி போதும், அப்படி இப்படின்னு. நான் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அந்த அம்மா முகத்துல ஒரு மாற்றமும் இல்ல. பின்னாடி உக்காந்திருந்த இன்னொரு அம்மா எழுந்து, "செவ்வாக்கிழமை போங்கக்கா"ன்னாங்க. செவ்வாக்கிழமை சலூன் எல்லாம் லீவு இல்லையா, அவங்க ஊர் கடைக்காரர்கிட்ட போய் கேட்டிருக்காங்க, அண்ணா எங்க பையனுக்கு கூட்டம் ஆகாது, லீவு நாள்ல ஒரு அரை மணி நேரம் ஷட்டரைத் தூக்குவீங்களான்னு. அவர் சரின்னுட்டார். முதல் செவ்வா சும்மா அந்த சுத்துற சேர்ல உக்காந்து ஒரு பிஸ்கட் தின்னுட்டு வந்துட்டான். அடுத்த செவ்வா கழுத்துல துணி போட்டு எடுத்தாங்க, அவ்வளவுதான். மூணாவது வாரம் சீப்பும் வெறும் கத்திரி சத்தமும். கண்ணாடியைப் பார்த்தா மிரளுறான்னு அதுக்கு மேல ஒரு துண்டைப் போட்டு மூடினாராம் அந்தக் கடைக்காரர், அது யாரும் சொல்லிக் கொடுக்காம அவரா செஞ்சது. நாலாவது வாரம் முடி வெட்டியாச்சு. செவ்வாக்கிழமை முடி வெட்டக்கூடாதேன்னு அங்கயே ஒருத்தர் இழுத்தாங்க, மூலையில உக்காந்திருந்த ஒரு ஆயா, "கொழந்த காதுல ரத்தம் வர்றதை விடவா செவ்வாக்கிழமை"ன்னு கேட்டுட்டாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இப்போ அஞ்சு பசங்க அந்தக் கடைக்குப் போறாங்க, போற வழியில மூணு பசங்களுக்கு ஒரே ஷேர் ஆட்டோ.

இதை எந்த டாக்டரும் உங்களுக்கு எழுதித் தர முடியாதும்மா. அதனாலதான் போங்கன்னு சொல்றேன்.

எல்லாக் கூட்டமும் இப்படி நடக்குதுன்னு சொன்னா அது பொய். சில இடத்துல கையெழுத்து, டீ, ஒரு குரூப் போட்டோ, முடிஞ்சுது. அப்படி இருந்தா அடுத்த தடவை போகும்போது ஒரே ஒரு கேள்வியை பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, "என் பையன் ராத்திரி 2 மணிக்கு எழுந்துடுறான், உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சா"ன்னு கேளுங்க, பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும், இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டா நாலு பேர் வாயைத் திறப்பாங்க. போட்டோ எடுக்க வேண்டாம்னு தோணுச்சுன்னா என் பிள்ளையை எடுக்காதீங்கன்னு தாராளமா சொல்லலாம், அதுக்காக எந்த உதவியும் நின்னு போகாது.

இப்போ முகாம் விஷயம். உங்க பையன் அன்னிக்கு உருண்டு அழுததுக்கு அவன் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. மைக் சத்தம், தெரியாத கூட்டம், வெயில், பசி, எப்போ முடியும்னே தெரியாம அஞ்சாறு மணி நேரம், நமக்கே தாங்காது, சத்தத்தை நம்மளை விட பல மடங்கு உணர்ற குழந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாருங்க. ஆனா அந்த முகாமை நீங்க விடக்கூடாது, மறுபடி போகணும், வேற மாதிரி போகணும். வட்டார வள மையத்து டீச்சருக்கு முதல் நாளே போன் பண்ணி, பையனுக்கு ஆட்டிசம், ரொம்ப நேரம் காத்திருக்க முடியாது, முதல் பத்து டோக்கனுக்குள்ள போட்டுக் கொடுங்கன்னு கேளுங்க, கேட்டா பெரும்பாலும் செய்வாங்க, கேக்காதவங்கதான் வரிசையில நிக்கிறாங்க. கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும். ஒருத்தர் வரிசையில, ஒருத்தர் பையனோட வெளிய மர நிழல்ல, முறை வரும்போது மட்டும் உள்ள கூட்டிட்டுப் போங்க. அவன் குடிக்கிற அதே டம்ளர், அவன் சாப்பிடுற அதே சாப்பாடு, கையில வச்சு சுத்துற ஏதாவது ஒரு பொருள், இதெல்லாம் பையில இருக்கணும்.

அப்புறம் முக்கியமா, முந்தின வாரமே உங்க போன்ல சின்னச் சின்ன வீடியோ எடுத்து வைங்க. அவன் எப்படி விளையாடுறான், கூப்பிட்டா என்ன பண்றான், பசிச்சா எப்படி காட்டுறான், தூக்கம் வராதப்போ என்ன பண்றான். டாக்டர் முன்னாடி ஒரு குழந்தை பத்து நிமிஷத்துல தன்னைக் காட்டிடாது, சில பேர் அங்க கல்லு மாதிரி உக்காந்துடும், சில பேர் மேஜையைக் கவுத்துடும், ரெண்டுமே அந்தக் குழந்தையோட முழு நிலைமை இல்ல. வீடியோ காட்டினா டாக்டருக்கும் ஈஸி. இன்னொண்ணு, டெஸ்ட் எடுக்குற சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்த உடனே "வீட்ல தெலுங்கு"ன்னு சொல்லிடுங்க. நம்ம மாவட்டத்துல வேப்பனப்பள்ளி, சூளகிரி, ஓசூர், தளி இந்தப் பக்கமெல்லாம் வீட்டுப் பேச்சு தெலுங்கோ கன்னடமோதான், தமிழ்ல "மூக்கைக் காட்டு"ன்னா காட்டாத குழந்தை "முக்கு எக்கட"ன்னா காட்டும், அதைக் கவனிக்காம மார்க் போட்டுட்டா கணக்கே தப்பாயிடும். தயங்காம நீங்களே தெலுங்குல கேட்டுக் காட்டட்டுமான்னு கேளுங்க.

ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பெங்களூர் டாக்டர் எழுதின சீட்டு, போட்டோ, எல்லாத்துக்கும் ரெண்டு செட் ஜெராக்ஸ், ஒரே மஞ்சப்பையில. அந்தப் பை வீட்ல ஒரே ஆணியில தொங்கட்டும், எங்க கூப்பிட்டாலும் அதை எடுத்துட்டுக் கிளம்புங்க.

முகாம்ல என்ன வாங்கணும்னா, சான்றிதழும் அடையாள அட்டையும். இப்போ நாடு முழுக்க ஒரே அட்டை, யூடிஐடின்னு சொல்றாங்க, அதுக்கு ஆன்லைன்ல பதியணும், இ-சேவை மையத்துல போட்டுக் கொடுப்பாங்க. சான்றிதழ்ல ஆட்டிசத்தை மதி இறுக்கம்னு தமிழ்ல போட்டிருந்தா குழம்பிக்காதீங்க, அதுதான் இது. உங்க பையனுக்கு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ரெண்டும் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னா ரெண்டையும் பார்த்து எழுதச் சொல்லிக் கேளுங்க. ஏன் சொல்றேன்னா, தமிழ்நாட்டுல அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தாலே மாசம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், மத்த பல வகைக்கு 75 சதவீதம் கேப்பாங்க. ஒரு வார்த்தை விட்டுப் போனா மாசம் 2000 போயிடும். விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்குற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல. அங்க போகும்போதே "விழுதுகள்" மையம் உங்க பக்கத்துல எங்க இருக்குன்னு கேட்டுட்டு வாங்க, உலக வங்கி உதவியோட அரசு நடத்துற உரிமைகள் திட்டத்துல திறக்குற மையம் அது, தெரபி எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கணும்னு கொண்டு வந்தது. டவுன் பஸ்ல அட்டை இருக்குறவங்களுக்கும் கூட வர்ற ஒரு ஆளுக்கும் டிக்கெட் கிடையாது, ரயில்லயும் துணைக்கு வர்றவரோட சேர்த்து சலுகை உண்டு, பெங்களூர் போய்ட்டு வர உதவும். நிராமயான்னு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டோட ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நாலுக்கும், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவுக்கும் அதுல கேக்கலாம். கூட்டத்துல யாராவது ஒருத்தராவது இதைப் போட்டிருப்பாங்க, அவங்ககிட்ட வழி கேளுங்க, அது நான் சொல்றதை விட சுலபமா புரியும்.

ஸ்கூலுக்கு வரேன். "பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க"ங்கிற வார்த்தையைப் படிச்சதும் எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சும்மா. பேச்சு வர்றதுக்குத்தான் ஸ்கூலே, மத்த பசங்க நடுவுல உக்காந்தாத்தானே வரும். சட்டப்படி அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வரைக்கும் எல்லாக் குழந்தைக்கும், பேசுற குழந்தைக்கு மட்டும்னு அதுல இல்ல. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் மேல போய், 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு இருக்குற குழந்தைக்கு 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி, பக்கத்து ஸ்கூலா சிறப்புப் பள்ளியாங்கிறதும் நம்ம விருப்பம்னு சொல்லுது. அந்தச் சட்டத்துல ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகை இருக்கு.

ஆனா சட்டத்தை எடுத்துக்கிட்டு சண்டைக்குப் போங்கன்னு நான் முதல்லயே சொல்ல மாட்டேன். அந்த ஹெச்எம் இடத்துல நின்னும் ஒரு நிமிஷம் பார்க்கணும், ஒரு டீச்சர் ரெண்டு மூணு வகுப்பை சேர்த்துப் பார்க்குற ஸ்கூல்ல ஒரு குழந்தை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிட்டா யார் பதில் சொல்றதுங்கிற பயம் அவங்களுக்கு, அந்த பயம் நிஜம். அதனால வட்டார வள மையத்து சிறப்பாசிரியரையும் கூட்டிட்டுப் போய் இப்படிக் கேளுங்க: பேரை சேர்த்துக்கோங்க, முதல் ஒரு மாசம் காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் விடுறேன், நானோ பையனோட அவ்வாவோ (பாட்டி) வெளிய உக்காந்திருக்கோம், அப்புறம் மதிய சாப்பாடு வரைக்கும், அப்புறம் முழு நாள். இப்படி ஒரு வழி சொன்னா நிறைய ஹெச்எம் இறங்கி வந்துடுறாங்க. பேர் சேர்ந்து எமிஸ்ல (பள்ளிக்கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேடு) சிறப்புக் குழந்தைன்னு பதிவாகுறதுதான் முக்கியம், அந்தப் பதிவு இல்லன்னா ஸ்கூல் மூலமா வர்ற உபகரணம், பிசியோதெரபி எதுலயும் அவன் பேர் வராது. பையனால வரவே முடியாத நிலைமைன்னா வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்குற வீட்டுவழிக் கல்வி இருக்கு, ஆனா உங்க பையன் நடக்குறான், ஓடுறான், அவனுக்கு ஸ்கூல்தான் வேணும், வீட்டுவழின்னு போட்டு ஒதுக்கிட விடாதீங்க.

இவ்வளவுக்கும் மசியலன்னா ஒரு வெள்ளைப் பேப்பர்ல மனு எழுதிக் கொடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க. கல்வி உதவி எண் 14417க்கு போன் பண்ணுங்க. அதுக்கும் ஆகலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். அங்க தனியா போகாதீங்க, இதே பிரச்சனை இருக்குற இன்னும் ரெண்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, அந்த ரெண்டு பேர் எங்க கிடைப்பாங்கன்னு இப்போ உங்களுக்கே தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோர்தான் இருக்கணும், அதுல நம்ம பிள்ளைங்களோட பெற்றோருக்கும் இடம் உண்டு, பையன் சேர்ந்த பிறகு அதுல பேர் கொடுங்க, ஸ்கூலுக்கு ஒரு கேட் போடணும்னாலும் அங்கதான் பேசணும்.

தோட்டத்தை விக்காதீங்கம்மா. மாசம் 18,000ன்னா வருஷத்துக்கு 2,16,000, அரை ஏக்கர் எத்தனை வருஷம் தாங்கும்? இது ஆறு மாசத்துல முடியுற வைத்தியம் இல்ல, அவன் வளர வளர கூடவே போற வேலை. தெரபியே வேண்டாம்னு நான் சொல்லல, நல்ல தெரபி குழந்தைக்கு நிறைய கொடுக்கும், ஆனா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தெரபிஸ்ட்கிட்ட இருக்கான்னா மிச்ச நேரம் முழுக்க உங்ககிட்டதான் இருக்கான், அந்த நேரம்தான் பெரிய வகுப்பு. ஒரு தடவை முழுசா பார்த்து எழுதி வாங்கணும்னா பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கு, அது அரசு நிறுவனம், நம்ம பக்கத்துல இருந்து நிறைய பேர் போறாங்க. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கான தேசிய நிறுவனம் 2005ல இருந்து நடக்குது. நம்ம மாவட்டத்துக்குள்ளயே அரசு ஆஸ்பத்திரியோட சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துல கேளுங்க, 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க.

பிரைவேட் சென்டர்தான்னு முடிவு பண்ணா மூணு கேள்வி கேளுங்க. உங்க தெரபிஸ்ட்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கா? அடுத்த மூணு மாசத்துல என் பையன் எதைக் கத்துக்கணும்னு எழுதிக் கொடுப்பீங்களா? நான் கூட உக்காந்து பார்க்கலாமா? மூணாவதுக்கு முடியாதுன்னு சொல்ற இடத்துல ஒரு ரூபாய் கட்டாதீங்க. ஆட்டிசத்தை முழுசா குணமாக்கிடுவோம், ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க, ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்கக்கூடாதுன்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரே சொல்லியிருக்கு. அந்த ஊசிக்காக காட்டை வித்தவங்களை எனக்குத் தெரியும், அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து என்ன சொல்றதுன்னு தெரியாம வந்திருக்கேன்.

வீட்ல என்ன செய்யலாம்னு கேட்டா, இருக்குற ரெண்டு வார்த்தையில இருந்து ஆரம்பிங்க. பூவா, நீள்ளு, ரெண்டுமே அவனுக்குத் தேவையான பொருளோட பேர், அப்போ கேட்டா கிடைக்கும்ங்கிறது அவனுக்குப் புரிஞ்சிருக்கு, இது பெரிய விஷயம்மா, எத்தனையோ பிள்ளைங்களுக்கு அந்த இடத்துக்கு வரவே வருஷமாகும். அவனோட டம்ளரை கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஆனா கை எட்டாத அலமாரியில வைங்க. அவன் உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான், போங்க, ஆனா உடனே எடுத்துக் கொடுத்துடாதீங்க, அவன் உயரத்துக்கு உக்காந்து முகத்தைப் பார்த்து, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. நீள்ளுன்னான்னா உடனே கொடுங்க. வார்த்தை வரல, கையைக் காட்டினான், உங்க முகத்தைப் பார்த்தான்னாலும் கொடுங்க, கொடுக்கும்போது நீங்க "நீள்ளு"ன்னு சொல்லுங்க. அந்த அஞ்சு எண்ணுற நேரம்தான் ரொம்ப கஷ்டம், நம்ம கை தானா நீளும். அழ விட்டு வேடிக்கை பார்க்கணும்னு அர்த்தம் இல்ல, அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொடுத்துடணும். டம்ளர், தட்டு, செருப்பு, பஸ் இதையெல்லாம் போன்ல போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு அட்டையில ஒட்டி வச்சா அவன் எடுத்துக் காட்டியும் கேக்கலாம், படம் காட்டிப் பழகினா பேச்சு நின்னு போயிடும்னு சொல்வாங்க, அது உண்மையில்ல. தெலுங்கை விட்டுட்டு தமிழ் மட்டும் பேசுங்கன்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க, உங்களுக்கு எந்த மொழியில கொஞ்ச வருமோ அதுலதான் அவனுக்குப் பேச்சும் வரும், தமிழை ஸ்கூல்ல கத்துக்கட்டும்.

ஃபேன் பார்க்குறானேன்னு திட்டாதீங்க, நீங்களும் பக்கத்துல உக்காந்து பாருங்க, சுவிட்ச்சை ஆஃப் பண்ணிட்டு அவன் உங்களைத் திரும்பிப் பார்க்குற வரைக்கும் இருங்க, பார்த்த உடனே ஆன். இதைத் தினம் பத்து தடவை பண்ணா அது ஒரு விளையாட்டு, அதுல நீங்களும் ஒரு ஆளா சேர்ந்துடுவீங்க.

புளி உடைக்கிற களத்துக்கு அவனையும் கூட்டிட்டுப் போறீங்களான்னு நீங்க எழுதல. போறீங்கன்னா அதை விட நல்ல வகுப்பு வேற இல்ல. ஓடு ஒரு கூடை, கொட்டை ஒரு கூடை, பிரிச்சுப் போடுறது விரலுக்கும் கண்ணுக்கும் சேர்ந்த வேலை. பல்லாங்குழிப் பலகை வீட்ல கிடந்தா எடுங்க, ஒரு குழிக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டு, கையைப் பிடிச்சு முதல்ல போட வைங்க, கடைசிக் குழியை மட்டும் அவனா போடட்டும், நாளாக நாளாக நம்ம கையை எடுத்துக்கணும். ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, வாயில போட்டுக்குற பழக்கம் இருந்தா புளியங்கொட்டை வேண்டவே வேண்டாம், மூச்சுக்குழாய்ல போயிடும், பெரிய மூடி, மாங்கொட்டைன்னு வாய்க்குள்ள போகாத பொருளா வச்சுக்கோங்க.

அவ்வா உங்களாலதான்னு சொல்றதைப் பத்தி. ஆட்டிசம் அம்மா வளர்த்த விதத்தால வர்றதில்லம்மா, நீங்க போன் பார்த்ததால, வேலைக்குப் போனதால, மாசமா இருந்தப்போ அழுததால, எதுவாலயும் இல்ல. பிறவியிலயே மூளை வளர்ற விதத்துல இருக்குற வித்தியாசம் அது. சொந்தத்துல கட்டினவங்களா நீங்கன்னு தெரியல, நம்ம பக்கம் அது சகஜம், அடுத்த குழந்தை யோசிக்கிறீங்கன்னா மட்டும் டாக்டர்கிட்ட அதைச் சொல்லிக் கேட்டுக்கோங்க, நடந்ததுக்கு அதை வச்சு யாரும் யாரையும் குத்த வேண்டாம். இதை நீங்க சொன்னா அவ்வா கேக்க மாட்டாங்க, நான் எழுதினாலும் கேக்க மாட்டாங்க. அதே வயசுல இன்னொரு பாட்டி சொன்னா கேப்பாங்க. அதனால அவ்வாவையும் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, நெஜமா சொல்றேன், நான் பார்த்த வீடுகள்ல மாமியார் மாறினது எல்லாம் இப்படித்தான். நீங்க ராத்திரி தூக்கம் இல்லாம, யார்கிட்டயும் பேசப் பிடிக்காம, செத்துடலாம் போலன்னு தோணுற அளவுக்குப் போயிட்டா 14416க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

வருஷத்துல இன்னும் சில நாள் இருக்கு, காலண்டர்ல குறிச்சுக்கோங்க. ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். டிசம்பர் 3ஐ ஒட்டி மாவட்டத்துல நிகழ்ச்சி நடக்கும், மேடைப் பேச்சை விடுங்க, துறை அதிகாரிங்க, டாக்டர், சிறப்புப் பள்ளி நடத்துறவங்க எல்லாரும் ஒரே இடத்துல கிடைக்கிற நாள் அது, மஞ்சப்பையோட போங்க. ஆனா பையனை அன்னிக்கு கூட்டிட்டுப் போகணும்னு அவசியம் இல்ல. அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளும் உங்க ஊர்லயே நடக்குது. நம்ம அம்மாக்கள் அங்க போறதே இல்ல. எங்க பஞ்சாயத்துல இத்தனை சிறப்புக் குழந்தைங்க இருக்காங்க, தெரபிக்கு இத்தனை கிலோமீட்டர் போறோம், வாரத்துல ஒரு நாள் இங்கயே ஒரு ரூம் திறந்து விடுங்கன்னு எழுந்து சொல்லி தீர்மானத்துல எழுத வச்சா, அப்புறம் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்தத் தீர்மானம் உங்களோட வரும். ஒரு ஆளா நின்னா அழுதுட்டு உக்காந்துடுவோம், நாலு அம்மாவா நின்னா எழுதாம விட மாட்டாங்க.

18 வயசுல சட்டப்படி கார்டியன் வாங்குறது பத்தி இப்போ கவலைப்படாதீங்க, கலெக்டர் தலைமையில அதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு, அந்த வயசு வரும்போது கேளுங்க சொல்றேன்.

இந்த வாரத்துக்கு ரெண்டு வேலை மட்டும். அந்த டீச்சர் நம்பர் உங்க மிஸ்டு கால்ல இருக்கும், நீங்களே திருப்பிக் கூப்பிட்டு, அடுத்த கூட்டம் எப்போ, அடுத்த முகாம் எப்போன்னு கேட்டுக்கோங்க. அப்புறம் 20 ரூபாய்க்கு எழுதுற நோட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கி, முதல் பக்கத்துல பையன் பேரும் இன்னிக்குத் தேதியும் போட்டு, கீழ பூவா, நீள்ளுன்னு எழுதி வைங்க. மூணாவது வார்த்தை வர்ற அன்னிக்கு அதே பக்கத்துல எழுதிட்டு, என்ன வார்த்தைன்னு எனக்கும் எழுதுங்க.